சொட்டுக்கூட ஒழுகாத தொப்பி

என் அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் தங்கையும் நலமாக இருக்கிறோம். அங்கே நீயும், மாப்பிள்ளையும், உன் வயிற்றுக்குள் உதைத்து விளையாடும் அந்தச் சின்னப் பேர்வழியும் நலமா என்று மறக்காமல் எழுது. என் இரண்டு கையும் வேலையில் இருப்பதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். (அக்கா, நான்தான், வாலு. அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு. கடைசியில் வாசித்துக் காட்டச் சொல்வார், அப்போது இதையெல்லாம் தாண்டிக் குதித்துவிடுவேன். அவராக வாங்கிப் படிக்கவும் மாட்டார். ஊசியிலிருந்து கண்ணை எடுத்தால் கண்ணி கழன்றுவிடுமாம்.)

என்ன ஊசி என்று கேட்பாய். உன் அப்பா குரோஷா பின்னக் கற்றுக்கொண்டிருக்கிறேன், சிரிக்காதே. (தாராளமாகச் சிரி, இங்கே நாங்கள் சிரித்துச் சிரித்து ஓய்ந்துவிட்டோம்.) பல் டாக்டர் கிளினிக்கில் வாஷ்பேசின் அடைத்துக்கொண்டது என்று கூப்பிட்டார்கள், போனேன். அங்கே டோக்கன் கொடுக்கிற பெண் நோயாளி இல்லாத நேரத்தில் நுனி வளைந்த ஒரு ஊசியும் ஒரு உல்லன் உருண்டையும் வைத்துக்கொண்டு ஏதோ செய்துகொண்டிருந்தாள். நான் அடைப்பெடுத்து, கை கழுவித் திரும்புவதற்குள் ஒரு குழந்தைத் தொப்பி முக்கால்வாசி வந்துவிட்டது. பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு கண்ணி, அதற்குள் ஊசியை விட்டு நூலை இழுத்தால் இன்னொரு கண்ணி, அவ்வளவுதான் சமாசாரம். ஊரில் பாதி வீட்டுக்குக் குழாய் மாட்டியவனுக்கு இது என்ன பிரமாதம் என்று தோன்றியது. வரும் வழியிலேயே ஊசியும் நூலும் வாங்கிவிட்டேன். அழுக்குத் தெரியாமல் இருக்கட்டுமே என்று கறுப்பு நூலாக வாங்கினேன், அங்கேதான் முதல் சறுக்கல். கறுப்பில் எது கண்ணி, எது இடைவெளி என்று டார்ச் அடித்துத் தேட வேண்டியிருந்தது. மறுநாள் அந்தப் பெண்ணிடம் கொண்டுபோய்க் காட்டினால், "ஐயோ சார், பழகறவங்க யாராவது கறுப்புல ஆரம்பிப்பாங்களா? வெளிர் கலர்ல கொஞ்சம் தடிமனான நூலா வாங்குங்க, தொப்பிக்கெல்லாம் அவசரப்படாதீங்க, முதல்ல வெறும் சங்கிலி போட்டுப் பழகுங்க" என்றாள். சரியென்று மஞ்சள் நூல் வாங்கி, ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டு, சங்கிலியாகப் பின்னிக்கொண்டே போனேன். (கூடத்தில் ஆரம்பித்தது சமையலறை வரை போயிற்று. அம்மா அதைக் குறுக்கே கட்டித் துணி காயப்போட்டாள்.)

சங்கிலி கைவந்ததும் தொப்பிக்குப் போனேன். நடுவில் ஒரு சின்ன வளையம், அதைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். முதல் தொப்பி நல்ல உறுதியாக வந்தது. (உறுதியா? அதைக் கீழே போட்டால் சத்தம் கேட்கும், அக்கா. அப்பாவுக்குத்தான் எதைக் கையில் எடுத்தாலும் கடைசிச் சுற்று வரை முறுக்கினால்தானே திருப்தி. ஒவ்வொரு கண்ணியையும் போல்ட்டு மாதிரி இறுக்கி, அடுத்த சுற்றில் ஊசி உள்ளே நுழைய மாட்டேன் என்று அடம்பிடிக்க, கட்டைவிரலில் குத்திக்கொண்டு, முடித்தபோது அது ஒரு எலுமிச்சம்பழத்துக்குச் சரியாக இருந்தது. உச்சக்கட்டத்தைக் கேள். அதை எடுத்துப்போய்க் குழாய்க்கடியில் பிடித்துத் தண்ணீரைத் திறந்துவிட்டு, "பாரு, ஒரு சொட்டு கீழ இறங்குதா பாரு" என்று அம்மாவிடம் பெருமை வேறு. அம்மா, "ஏங்க, குழந்தை தலைக்குத் தொப்பி செய்றீங்களா, தண்ணித் தொட்டிக்கு மூடி செய்றீங்களா?" என்று கேட்டாள்.) அந்தக் கிளினிக் பெண் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், நூலைக் கொஞ்சம் மூச்சு விட விடுங்க" என்றாள். ஊசியையும் ஒரு சைஸ் பெரிதாக மாற்றச் சொன்னாள். இரண்டாவது தொப்பியில் தளர்த்திப் பார்த்தேன், அது கொஞ்சம் விரிந்துவிட்டது. (ஒரே கண்ணிக்குள் இரண்டு இரண்டாகக் குத்திக்கொண்டே போனால் விரியாமல் என்ன செய்யும்? விளிம்பெல்லாம் சுருக்கம் சுருக்கமாக, பெரிய அப்பளம் மாதிரி வந்தது. என் தலையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். பேப்பர் போடுகிறவர் சைக்கிளோடு வேலியில் சாய்ந்தார்.)

அம்மாவுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பிரசவத்துக்கு முன்பே வந்து சேர்ந்துவிடுவாள். நான் வர வேண்டாம் என்று நீ போனில் சொன்னது எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. இங்கே வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. (பொய், பச்சைப் பொய். வருகிற போனுக்கெல்லாம், "அடுத்த மாசம் நான் ஊர்ல இருக்கறது சந்தேகம்" என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீ ஏன் வேண்டாம் என்றாய் என்பது எனக்கும் தெரியும். போன தடவை உன் வீட்டுச் சமையலறைக் குழாயை, சும்மா இருந்ததை, இறுக்குகிறேன் பேர்வழி என்று இறுக்கி, அது கையோடு வந்து, கீழ்வீட்டுக்காரர் குடை பிடித்துக்கொண்டு மேலே வந்தாரே, அதை யார் மறப்பார்கள்? இன்று வரைக்கும் "அந்தக் குழாய் முன்னாடியே பழுது" என்றுதான் சாதிக்கிறார்.) உனக்கும் சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு என்னையும் கவனிப்பது கஷ்டம். எனக்குப் புரிகிறது.

மூன்றாவது தொப்பிதான் இப்போது கையில் இருக்கிறது. வெள்ளை நூல். பாதி தூரம் வந்து ஒரு தடவை பிரிந்துவிட்டது, மறுபடி போடுகிறேன். (அது தானாகப் பிரியவில்லை அக்கா. அவர் நாற்காலியில் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, ஊசியை உருவிவிட்டு, நூலை அம்மாவின் முந்தானையில் முடிந்துவிட்டேன். அம்மா சமையலறைக்குப் போகப் போக, தொப்பி கரகரவென்று அவிழ்ந்து, நூல் பின்னாலேயே போயிற்று. விழித்துப் பார்ப்பார், வீடு இரண்டாகும் என்று மாடிப்படியில் ஓடத் தயாராக நின்றேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. நூலை மெதுவாகச் சுருட்டிக்கொண்டார், சுருக்கு முடிச்சைப் போட்டார், முதலிலிருந்து ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பே வரவில்லை. இனி அந்தத் தொப்பி பக்கம் போக மாட்டேன், அவருடைய செருப்பு வேறு கணக்கு.) நான் இப்போதெல்லாம் முன்பு மாதிரி இறுக்குவதில்லை என்று உனக்குச் சொல்ல நினைத்தேன். (எதை என்று கேட்டேன். "சொன்னதை எழுதுடி" என்றார்.)

ஒழுங்காகச் சாப்பிடு, படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள், கனமானதை மாப்பிள்ளையைத் தூக்கச் சொல், அவர் தூக்கட்டும். குழந்தை பிறந்ததும் தலையைச் சுற்றி டேப்பை வைத்து அளந்து உடனே எனக்கு எழுதி அனுப்பு, அதற்குத் தகுந்தபடி கடைசிச் சுற்றைக் கூட்டிக் குறைத்து, தொப்பியைத் தபாலில் அனுப்பிவிடுகிறேன். இதை மறந்துவிடாதே. நீயும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல், நல்லபடியாக, நீண்ட காலம் வாழ வேண்டும்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா

(வாசித்துக் காட்டிவிட்டேன். "இவ்ளோ நேரம் எழுதினே, இவ்ளோதானா?" என்று சந்தேகமாகப் பார்க்கிறார். சீக்கிரம் முடிக்கிறேன், கவனமாகக் கேள். யாராவது போனில் குழாய்க்கு அளவு சொன்னால் அப்பா என்ன சொல்வார்? "உங்க அளவு எனக்கு வேணாம், நானே வந்து அளந்துக்கறேன்." உன்னிடம் மட்டும் எழுதி அனுப்பச் சொல்கிறார் பார். அதனால் நீ அளவை அனுப்பித் தொலைக்காதே. அவர் சொல்வதையே அவருக்குத் திருப்பிச் சொல், "நீங்களே வந்து அளந்துக்குங்கப்பா" என்று. மறு நிமிஷமே கிளம்பிவிடுவார். வீடு எனக்குக் காலியாகக் கிடைக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை, அதற்காகவும் சொல்கிறேன். பெட்டியில் ஸ்பேனர் வராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. எலுமிச்சம்பழத் தொப்பியை இத்துடன் வைத்திருக்கிறேன், உன் சமையலறைக் குழாய்க்கு மாட்டிவிடு, குழாய் அவர் கண்ணில் படாமல் இருக்கட்டும்.)