மூக்கனுக்கு மூன்று மாத்திரை

மார்ச் 4, செவ்வாய்

தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது, அதுதான் மூக்கன் இருமுகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கால்நடை டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "இதயம் வீங்கியிருக்கு. வால்வு சரியா மூடலை. வயசான நாய்ங்களுக்கு வர்றதுதான்." மூன்று மாத்திரை, காலையும் மாலையும். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன்.

"இருக்கிற வரைக்கும்."

பில்லைப் பார்த்ததும் எனக்கே இருமல் வந்தது. மாதாமாதம் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

சாயங்காலம் என் மனைவியின் போன். பேத்தியைப் பார்த்துக்கொள்ள மகன் வீட்டுக்குப் போனதிலிருந்து எங்கள் பேச்சில் பாதி மூக்கனைப் பற்றித்தான். தெருவிலிருந்து அவனைத் தூக்கி வந்தவளே அவள்தான். "சாப்பிட்டானா?" "சாப்பிட்டான்." இருமலைப் பற்றி நான் சொல்லவில்லை.

மார்ச் 6

மாத்திரையை ரொட்டிக்குள் ஒளித்துக் கொடுத்தேன். ரொட்டியைத் தின்றான். மாத்திரையை அலுங்காமல் என் செருப்பின் மேல் துப்பிவிட்டுப் போனான்.

மார்ச் 18

வெட்கத்தை விட்டு டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன். "செலவு தாங்கலைம்மா."

முகம் சுளிக்கவில்லை அவர். "முதல்லயே கேட்டிருக்கலாமே. இதுல ரெண்டு, மனுஷங்களுக்கும் குடுக்கிறதுதான். சீட்டு எழுதித் தர்றேன், சாதாரண மருந்துக்கடையில வாங்கிக்குங்க, மலிவா கிடைக்கும். பெரிய மாத்திரை மட்டும் இங்கதான். மிச்சம் பிடிக்கிறேன்னு நீங்களா அதைக் குறைச்சிடாதீங்க."

மருந்துக்கடைக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நோயாளி வயசு?"

"பன்னெண்டு."

"அடடா! இந்த வயசுலயா? அப்பா அம்மாவுக்கு எப்படி இருக்கும்..."

"நாய்ங்க."

மனிதர் விட்ட பெருமூச்சில் சீட்டே பறந்துவிடும் போலிருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. போனை எடுத்தேன். எடுத்துவிட்டு வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பெரிய மாத்திரையின் விலைதான் கழுத்தைப் பிடிக்கிறது. நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஞாயிற்றுக்கிழமையும் வருகிறேன் என்று முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். நாளெல்லாம் லென்ஸ் தேய்த்து, பிரேமில் பொருத்தி... வேலை ஒன்றும் புதிதில்லை.

திரும்பி வந்து கதவைத் திறந்தால் கூடம் முழுக்க ஈரம். மூன்றில் ஒன்று நீரைப் பிரிக்கிற மாத்திரை. அவனால் எவ்வளவு நேரம்தான் அடக்க முடியும்? சுவரைப் பார்த்துத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். நான் ஒரு வார்த்தை திட்டவில்லை. துடைக்கத் துடைக்கத்தான் புத்தியில் ஏறியது - இவனுக்கு மருந்து வாங்க ஓடுகிறேன், ஓடுவதால் இவன் தனியாகக் கிடக்கிறான்.

ஏப்ரல் 11

போனை விட்டால், இன்று வீட்டில் கேட்ட குரல் அவன் இருமல் மட்டும்தான். அதற்கு "ம், சொல்லு" என்றேன்.

ஏப்ரல் 24

காலையில் வாசற்படி இறங்கும்போது மூக்கன் சரிந்துவிட்டான். நாக்கு நீலம். தூக்கிக்கொண்டு ஓடினேன். இந்த வயதில் எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. ஆக்ஸிஜன் வைத்தார்கள். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறதாம். பிழைத்துக்கொண்டான். மாத்திரை அளவு கூடிவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் நின்றே அவளுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ஏங்க இத்தனை நாள் சொல்லலை?"

"நீ பதறிடுவேன்னுதான்."

பொய். சொல்லியும் நீ வரலைன்னா? அந்தப் பயம்தான். வேறென்ன.

ஏப்ரல் 25

அவளே கூப்பிட்டாள். "பெரிய மாத்திரைக்கு இனிமே நான் அனுப்புறேன்."

"உனக்கேது காசு?"

"இங்க பக்கத்து பேக்கரியில கல்லாவுல உக்கார்றேன். நாலு மாசமாச்சு."

நாலு மாசம்! தினமும் போனில் பேசுகிறவள். நான் இருமலை மறைத்தேன், அவள் கல்லாவை மறைத்திருக்கிறாள். குழந்தை நடக்கத் தொடங்கியதும் வந்துவிடுகிறேன் என்றுதான் போனாள். குழந்தை இப்போது ஓடுகிறதாம்.

மே 18, ஞாயிறு

கேட்டுவிட்டேன். "வருவியா?"

"இங்க எனக்கு நல்லாயிருக்குங்க."

சண்டை இல்லை, அழுகை இல்லை. யாரோ நலம் விசாரித்ததற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் அவள் 'நல்லாயிருக்கு' என்று சொல்லி நான் கேட்டதுண்டா? நினைவில்லை. அவள் மேல் கோபப்படலாம் என்று பார்த்தேன். வரவில்லை.

"அப்போ மூக்கனைக் கொண்டாந்து விடட்டுமா?"

"வேண்டாங்க. உங்களுக்கும் ஒரு ஆள் வேணும்ல."

முதலாளியிடம் ஞாயிறு வேலை வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

பழைய சாமான் வாங்குகிறவர் ஆளோடு வந்து பெரிய கட்டிலைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். "ரெண்டு பேர் தாராளமா படுக்கலாம், நல்ல மரம். எதுக்கு சார் குடுக்குறீங்க?" என்றார். நாயால் ஏற முடியவில்லை என்றேன். ஏற இறங்கப் பார்த்தார்.

அவர்கள் போனதும் மூக்கன் அறைக்குள் வந்தான். கட்டில் இருந்த இடத்தில் தரை மட்டும் வெளிறிக் கிடந்தது. ஓரம் முழுக்க முகர்ந்து பார்த்தான். பிறகு நடுவில் போய்ச் சுற்றி வந்து படுத்தான். மெத்தையை அவன் பக்கத்தில் விரித்தேன். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.