பதினேழு தலை, நாற்பத்துமூன்று கையெழுத்து

கல்லடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தக்ஷாயினிக்கு,

இங்கே நானும் நாயும் ஐஸ் உடைக்கிற மெசினும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். நோர்வேயில் நீயும் உன் பனிக்கட்டியும் கரையாமல் சுகமாக இருக்க மாமாங்கப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்திருக்கிறேன். போனில் பேசினால் பாதியில் சரியப்பா பிறகு எடுக்கிறன் என்று வைத்துவிடுவாய், அதனால் தாளில் எழுதி, பக்கத்து வீட்டுப் பிரஷாந்தி டீச்சரைக் கொண்டு படம் பிடித்து அனுப்புகிறேன். முழுக்க வாசி.

போன மாதம் நீ அனுப்பிய லிஸ்ட்டை டீச்சர் தமிழில் சொல்லிக் காட்டினார். பனிப் பிரதேசத்திலும் உயர்ந்த மலைகளிலும் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு என்னென்ன நிதி, என்னென்ன பயிற்சி, ஊர்ச் சனத்துக்கு எடுத்துச் சொல்ல என்னென்ன வாய்ப்பு என்று மூன்று பக்கம். பனி வெடிப்புக்குள் விழுந்தால் ஏறி வருவது எப்படி என்று இரண்டு கிழமைப் பயிற்சி. குளிர்ந்த தண்ணீருக்குள் விழுவது எப்படி என்று இன்னொரு பயிற்சி. ஆறு வயதில் தோணியிலிருந்து வாவிக்குள் விழுந்தாயே, அதற்கு உனக்கு யார் சேர்ட்டிபிக்கட் தந்தது? நிதி கேட்டு எழுதுவது எப்படி என்று ஒரு பயிற்சி, அந்தப் பயிற்சிக்குப் போய்வர ஒரு நிதி, அந்த நிதிக்கு ஒரு விண்ணப்பம். டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கல்லடிப் பாலத்தை விட உயரமான இடத்தில் நான் நின்றதில்லை, ஆனால் முப்பத்தொரு வருடமாக மீன் வாங்கி விற்கும் வாடியில் ஐஸ் உடைக்கிறேன், விரல் விறைத்துச் சோறு பிசைய முடியாமல் இருந்திருக்கிறேன், எனக்கு எவரும் ஒரு பெலோசிப் தரவில்லை. பொறாமை என்று நினைக்காதே. உன்னைக் கப்பலில் தென்துருவத்துக்கு அனுப்பப் போகிறார்கள் என்றதும் வாடி வாடியாகச் சொல்லித் திரிந்தவனும் நான்தான்.

இனி அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். கப்பலில் இடம் தருவதென்றால் உன் சொந்த ஊர்ச் சனம் நாற்பது பேருக்கு உன் ஆராய்ச்சியை விளக்கியிருக்க வேண்டும், வரவு லிஸ்ட்டும் படமும் அனுப்ப வேண்டும் என்பது அவர்கள் சட்டம். நாற்பது பேர் கிடைப்பார்களா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கடலால் பாதிக்கப்பட்ட பின்தங்கிய சமூகம், நாற்பது பேர் என்று எழுதிக் கொடுத்தாய். பின்தங்கிய சமூகம் என்றதைக் கேட்டதும் ஏறாவூர் ஹமீட் முதலாளி சேர்ட் கொலரைச் சரிசெய்து கொண்டார், மீனுக்கு விலை பேசும்போது அந்த மனிசன் ஒருநாளும் பின்தங்கியதில்லை. ஆனாலும் நான் என் கடமையைச் செய்தேன். வாடியில் படம் விழ வெள்ளைச் சீலை கட்டினேன், டீச்சர் லெப்டொப் கொண்டுவந்தார், புரியாணி பார்சலுக்குச் சொன்னேன். நீ நோர்வேயிலிருந்து சீலையில் வந்தாய், எட்டு நிமிடம் பேசினாய், வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டாய். நெட் போய்விட்டது. சனம் எழும்பப் பார்த்தது. விட்டால் பார்சலோடு போய்விடும் என்று நானே எழும்பி, மீன் பெட்டிக்குள் ஐஸ் மேல்பக்கத்தாலா கரையுது, இல்லை, அடியில் தேங்கும் தண்ணீர்தானே அதைத் தின்னும், அதற்காகத்தானே அடியில் ஓட்டை வைக்கிறோம், தென்துருவத்திலும் கதை அதுதான், கடல் தண்ணீர் அடியால் போய்த் தின்னுது என்றேன். மறுநாள் நீயே அதுதானப்பா என் ஆராய்ச்சி என்று சொன்னாய். உன் பல்கலைக்கழகத்துக்கு அதைச் சொல்லு. அப்போதுதான் ஹமீட் கேட்டார், "அப்ப அந்தத் தண்ணி இஞ்ச வாறதுக்குள்ள நமக்கு ஆரும் வந்து சொல்லுவாங்களா, இல்ல போன முறை போலதானா?" போன முறை என்றால் எது என்று உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு யாரும் பார்சலைப் பற்றிப் பேசவில்லை. அந்தக் கேள்விக்கு உன்னிடமிருந்து இன்னும் பதில் இல்லை.

இப்போது உன் ஒபிஸ்காரர்கள் படத்தைப் பெருப்பித்துத் தலைகளை எண்ணியிருக்கிறார்கள். பதினேழு. பதினெட்டாவது என்று அவர்கள் சந்தேகப்பட்டது சாக்கால் மூடிய என் மெசின். லிஸ்ட்டில் மட்டும் நாற்பத்துமூன்று கையெழுத்து. வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் வராவிட்டால் கப்பலில் உன் இடம் அடுத்த ஆளுக்கு என்று எழுதியிருக்கிறார்கள். உடனே நீ, நாற்பத்துமூன்று பேரும் வந்தார்கள், மற்றவர்கள் படத்துக்கு வெளியே நின்றார்கள் என்று கிராம சேவகர் ஜீ.எஸ்ஸிடம் கடிதம் வாங்கி அனுப்பச் சொல்கிறாய். மகள், நீ இந்த ஊரில் பிறந்தவள்தானே. சுனாமிக்குப் பிறகு இங்கே நடக்காத கூட்டம் உண்டா? கை கழுவுவது எப்படி என்று மட்டும் நான் ஆறு தடவை பயிற்சி எடுத்தவன். லிஸ்ட் வந்தால் வீட்டிலுள்ள எல்லோருக்கும் கையெழுத்துப் போடுவது நம்முடைய வழக்கம், கட்டாரில் இருக்கிற மருமகனுக்கும் சேர்த்துத்தான். ஏனென்றால் கையெழுத்துக்கு ஒரு பார்சல். கூட்டம் வைத்தவர்களும் தெரிந்துதான் பேசாமல் இருந்தார்கள், தொகை கூடினால் அவர்களுக்கும் மேலிடத்தில் நல்ல பெயர். பொய் எங்களுடையது, அதை வாங்கிக் கொண்டுபோய் விற்றது அவர்கள். இப்போது நீயும் அந்தக் கடையில் போய் நிற்கிறாய்.

நீ கேட்டாய் என்பதற்காகப் போனேன். நம்முடைய ஜீ.எஸ். பிரதீஸ் நல்ல பிள்ளை. கதிரை தந்தார், முத்திரையை மையில் ஊறப் போட்டார், எத்தனை பேர் போட அண்ணன், அம்பது போடவா என்று கேட்டார். ஆதாரத்துக்கு லிஸ்ட்டை நீட்டினேன். முதல் வரியில் என் பெயர். இரண்டாவது வரியில் அவருடைய விரல் நின்றுவிட்டது. முத்திரையை மேசையில் வைத்துவிட்டு, "அண்ணன், இவக்கு மரண அறிக்கை எழுதினது நான்தானே" என்றார். கேதீஸ்வரி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன், அவள் போடுவது போலவே, கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்து. சத்தியமாக எனக்குத் தெரியாது மகள். எந்தக் கூட்டத்துக்குப் புறப்பட்டாலும் "என்ட பேரையும் போட்டுட்டு வாங்க, சும்மா வந்துராதீங்க" என்று உன் அம்மா அடுப்படியிலிருந்து சத்தம் போடுவாள், இருபது வருடம் போட்ட கை போட்டுவிட்டது. பார்சலும் இரண்டு எடுத்து வந்திருக்கிறேன். பழுதாகப் போகக் கூடாது என்று இரண்டையும் நானே தின்று இரண்டு நாள் வயிற்றோடு சண்டை பிடித்தேன். அப்போதும் ஏன் இரண்டு என்று எனக்கு விளங்கவில்லை. லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு கடிதம் வாங்காமல் வந்துவிட்டேன்.

ஆகவே ஒபிஸுக்குப் பதினேழு பேர் என்று எழுது. நெட் எட்டு நிமிடத்தில் போனது, மீதியை ஐஸ் உடைக்கிற அப்பா சொன்னார், பதினேழு பேரில் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டார் என்று ஹமீடின் கேள்வியை அப்படியே எழுது. அதற்காக இடத்தைப் பறித்தால் பறிக்கட்டும். எனக்குக் கவலைதான், இல்லை என்று சொல்லமாட்டேன், தென்துருவத்தில் என் மகள் நிற்கிற படத்தை வாடியில் தொங்கவிட ஆணிகூட அடித்து வைத்திருக்கிறேன். ஆனால் கடல் எவ்வளவு ஏறும் என்று நீ நாளைக்கு ஒரு கணக்குச் சொன்னால் நாங்கள் அதை நம்பி வீடு கட்ட வேண்டும். தலைக் கணக்கிலேயே பொய் சொல்கிறவள் தண்ணீர்க் கணக்கை எப்படிச் சொல்வாள் என்று ஹமீட் கேட்டால் நான் என்ன சொல்ல? வருகிற வியாழன் பின்னேரம் திரும்பவும் சீலை கட்டுகிறேன், இந்த முறை பார்சல் இல்லை. ஐந்து பேர் வந்தாலும் நீ முழுக்கப் பேசு, முதலில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லு.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ, கப்பல் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பிள்ளையார் உன்னோடு இருப்பார், நானும் இருக்கிறேன். ஒரு வேலை மறக்காதே. லிஸ்ட்டையும் இத்துடன் படம் பிடித்துத் திரும்ப அனுப்புகிறேன். வராத இருபத்தைந்து பேரின் பெயரை நானே வெட்டிவிட்டேன். இரண்டாவது வரி மட்டும் அப்படியே இருக்கிறது, மூன்று தரம் பேனை எடுத்தும் என்னால் முடியவில்லை. அதை நீ வெட்டு மகள்.

இப்படிக்கு,
இனிமேல் ஒரு கையெழுத்து மட்டும் போடும்
உன் அப்பா
சீனித்தம்பி