தொப்பூர் காப்பி

ஏங்க,

உங்களை எழுப்பாம, தங்கச்சி கேத்தரினைக் கூட்டிக்கிட்டு அஞ்சு மணி பஸ்ஸுல சேலம் ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிட்டேன். கோவப்படாதீங்க. போன செவ்வாக்கிழமை வெறும் வயித்தோட வரச் சொல்லியும், மூஞ்சி வாடிப்போச்சுன்னு தொப்பூர்ல பஸ் நின்னப்ப காப்பி வாங்கிக் குடுத்தீங்க. மயக்க மருந்து குடுக்க முடியாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

டிபி மாத்திரையே போதும், வயித்துல கத்தி வெக்க வேண்டாம்னு நேத்தும் சண்டை போட்டீங்க. உள்ள நெறி கட்டியிருக்கறது டிபியாலயா புத்துநோயாலயான்னு கொஞ்சம் எடுத்துப் பாத்தாத்தான் தெரியுமாம். சின்னதா மூணு ஓட்டைதான். எதுன்னு தெரியாம ஒரு மாத்திரையும் நான் முழுங்க மாட்டேன்.

களி கிண்டி வெச்சிருக்கேன், கொழம்பைச் சுட வெச்சுக்குங்க. மத்தியானம் வூட்டைப் பூட்டிச் சாவியப் பக்கத்து வூட்டுல குடுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க. சாயந்திரம் அவங்களே பால் கறந்துக்குவாங்க.

ராஜமேரி

எழுப்பியிருந்தா மொதல்ல காப்பிதான் போட்டிருப்பீங்க. நீங்க டம்ளரை நீட்டினா வேண்டாம்னு சொல்ல எனக்கு இன்னும் வரலை. அதான் சொல்லாம கெளம்பிட்டேன். டாக்டர் குடிக்கலாம்னு சொன்னதும் அதைத்தான் குடிப்பேன். ஃபிளாஸ்க்கைக் கழுவி அடுப்புகிட்ட வெச்சிருக்கேன்.