கோர்ட்டைப் பார்க்காத வீடு

ஹேடன்ஃபோர்க்,
நவம்பர் மாதம்.

அன்புள்ள ஆம்ப்ரோஸுக்கு,

நான் நலம். மேற்கே இரயில்பாதை முகாமில் உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? வசந்தத்தில் வந்த கடிதத்துக்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. தபால்காரர் மேல் பழியைப் போட்டுவிட்டு நானே எழுதுகிறேன்.

நம் ஊர் தோற்றுவிட்டது. மாவட்டத் தலைநகர் இனி மார்வெல்தான். இரயில் அங்கேதான் நிற்கிறது, மாவட்டத்துக்கு நட்டநடுவும் அதுதான் என்று சொல்லியே ஓட்டு வாங்கிவிட்டார்கள். ஜெயித்த கையோடு இங்கே வந்து கோர்ட்டுக் கட்டடத்தையே உருளைக் கட்டைகள் மேல் ஏற்றி, எருதுகளைப் பூட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். அவசரத்தில், உள்ளே ஜெயில் அறையில் அடைத்திருந்த குடிகாரன் ஹோபியை மறந்துவிட்டார்கள். அறுத்த சோளக்காட்டு நடுவே கட்டடம் சேற்றில் மாட்டிக்கொண்டபோது சன்னலில் தலையை நீட்டி, "நான் இப்ப எந்த ஊரு ஜெயில்ல இருக்கேன்னு யாராச்சும் சொல்லுங்கப்பா" என்றானாம். கேட்டுச் சிரித்தேன். நான் சிரித்து நாளாகிவிட்டது.

ஆனால் வீட்டிலேயே நடத்தும் நம் சாப்பாட்டுக் கடை? ஜூரிகளும் வக்கீல்களும் சாட்சிக்காரர்களும்தானே நம்மிடம் சாப்பிட்டார்கள்! இன்று பீன்ஸும் சோளரொட்டியும் செய்து வைத்தேன். பாதிரியார் மட்டும் எட்டிப் பார்த்தார். அவரும் பசியில்லை என்று சொல்லிவிட்டார்.

எல்லோரும் வீடுகளையும் அப்படியே மார்வெலுக்கு இழுத்துக்கொண்டு போகிறார்கள். மளிகைக் கடை போய்விட்டது, தபால் நிலையமும் போய்விட்டது. எருதுக்காரர் டோபியாஸ் வாசலில் வந்து நின்று, "ஏம்மா லெட்டி, பனி விழுந்துட்டா உன் வீட்ட அசைக்க முடியாது. சீக்கிரம் முடிவு பண்ணு" என்றார். அவர் தம்பி போன வாரம்தான் உங்கள் முகாமிலிருந்து திரும்பினான். உங்களைப் பற்றிக் கேட்டால் எருதுகளைப் பற்றிப் பேசுகிறான்.

நான் வரும்வரை வீட்டைவிட்டு அசையாதே என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் சன்னலுக்குப் போகத் தோன்றுகிறது. நான் என்னதான் செய்யட்டும்?

மார்வெல்.

அனுப்பத் தபால் நிலையம் இல்லாமல் கிடந்த கடிதத்தை இங்கிருந்து தொடர்கிறேன். நான் வீட்டைவிட்டு அசையவில்லை, வீட்டோடு அசைந்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். கோர்ட்டும் ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டது.

கிணற்றை மட்டும் கொண்டுவர முடியவில்லை. பழைய இடத்துக்கே போய்த் திகைத்து நிற்பீர்களோ என்று, பம்பின் கைப்பிடியில் உங்கள் சிவப்புச் சட்டையைக் கட்டிவைத்திருக்கிறேன். அங்கிருந்து கட்டைகள் உருண்ட தடத்தைப் பிடித்துக் கிழக்கே வாருங்கள்.

இங்கே எல்லா வீட்டு வாசலும் கோர்ட்டைப் பார்த்திருக்கிறது. நம் வீட்டை மட்டும் தவறுதலாக மேற்கே பார்த்து இறக்கிவிட்டார்கள். டோபியாஸ் தலையில் அடித்துக்கொண்டார். கோர்ட்டுக்கு முதுகைக் காட்டினால் சாப்பிட யார் வருவார்கள், இப்போதே திருப்பிவிடுகிறேன் என்றார். அவர் சொன்னது நியாயம்தான். மறுபடி எருதுகளைப் பூட்டவும் கிளம்பினார்.

"வேண்டாம்ண்ணே, அப்படியே இருக்கட்டும். அவர் மேற்க இருந்துதானே வரணும்" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். தம்பி சொல்லி அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. என்னவென்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கடவுள் உங்களைக் காப்பாராக. வெறுங்கையோடு வந்தாலும் வாருங்கள். இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்று நான் கேட்க மாட்டேன்.

உங்கள்
லெட்டி