தோளில் குத்திய ஊக்கு

வெள்ளி, இரவு.

நான் வேலை பார்க்கும் பள்ளியில் இன்று மாறுவேடப் போட்டி. சின்ன வயதில் நான் டிவி முன் வாய்பிளந்து பார்த்த, பறந்து வந்து திருடர்களைப் பிடிக்கும் அந்தத் தொடர் நாயகியாக மகள் நின்றாள். முதுகில் காளவாசல் கடைத்தெருவில் வாங்கிய சிவப்பு சாட்டின் துணி. மேடையேறும் நேரம் தலைமையாசிரியை வந்தார்.

"என்ன டீச்சர், பொம்பளப் பிள்ளை. அம்புட்டுப் பேரு உக்காந்திருக்காக. துணியை முன்னாடி துப்பட்டாவாப் போட்டு விடுங்க."

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு! பார்க்கிற கண்ணில் அல்லவா கோளாறு?

"அப்ப எப்படிம்மா பறக்குறது?" என்றாள் மகள்.

இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. அங்கேயோ, என் சேலையில் இருந்த ஊக்குகளைக் கழற்றி, துணியைத் துப்பட்டாவாக, மடிப்புக் கலையாமல் அவள் தோளில் குத்திவிட்டவள் நான்தான்.