பரி மகாலில் இடம் வலமான கதை

18 ஏப்ரல் 2007, புதன்

என் கையொப்பமின்றி இவ்வச்சகத்தில் ஒரு தாளும் இயந்திரம் ஏறுவதில்லை. பதினோர் ஆண்டுகளாக நான் பார்த்து அனுப்பிய நாள்காட்டி எதிலும் பிழை என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை. தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டே எழுத்துக் கூட்டிப் படித்தவள் இதை எழுதிக்கொள்வதில் தற்பெருமை சிறிதும் இல்லை. (சிறிது உண்டு.)

முதலாளி லட்சுமிகாந்தம் அண்ணாச்சி இன்று அழைத்தார். சென்ற ஆண்டு நாங்கள் அச்சிட்டவற்றுள் அதிகம் விற்றது காஷ்மீரத்துப் பரி மகால் படம்: மலைச்சரிவில் அடுக்கடுக்கான தோட்டம், பாழடைந்த அரண்மனை, கீழே தால் ஏரி. ஊர் ஊராக ஆர்டர் பிடித்துத் தரும் ஏஜெண்டுகளை அங்கேயே சுற்றுலா அனுப்புகிறாராம்.

"நீயும் பாலகுருவும் கூடப் போயிட்டு வாங்க. ஆடிப் பதினெட்டுக்கு விரிக்கிற அடுத்த வருச மாதிரி ஆல்பத்துல அதையே மொதப் படமா வைக்கப் போறேன். நல்லா விளக்கிச் சொல்லும்மா, ஆர்டர் அள்ளணும்."

பாலகுரு எங்கள் ஸ்கேனிங் பிரிவில் இருப்பவன். குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் கடன் கேட்டு அலைகிறான்.

2 மே, புதன்

ரயில். நாற்பது ஏஜெண்டுகளுக்கும் முகலாயர் வரலாற்றை விரித்துரைத்தேன். நாள்காட்டித் தாளையும் உயர்த்திக் காட்டினேன்: "இதோ, இடப்புறம் வளைவு மண்டபம், வலப்புறம் ஏரி. நேரில் இவ்வண்ணமே காண்பீர்கள்."

கோவில்பட்டி ஏஜெண்ட் சங்கரபாண்டியன் வாயில் முறுக்குடன் கேட்டார்: "தங்கம்மா, போன பெறவியில அங்கன ராணியா இருந்தீகளோ?"

"அரசவைப் புலவராக இருந்திருப்பேன்" என்று விடையிறுத்தேன். அதன்பின் அவர் முறுக்கில் மட்டும் கவனம் செலுத்தினார்.

5 மே, சனி

பரி மகால்.

எப்படி எழுதுவது? மேல் அடுக்கில், படம் எடுத்த அதே இடத்தில் நின்றேன். அதே உடைந்த சுவர், அதே மரம். ஆனால் மண்டபம் வலப்புறம் இருந்தது. ஏரி இடப்புறம் கிடந்தது.

நாற்பது பேரும் ஏரியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள்.

"நாம் வந்தது புறவாசல்" என்று அறிவித்தேன்.

முன்வாசல் தேடி அடுக்கடுக்காக இறக்கினேன், பிறகு ஏற்றினேன். காவலர் இந்தியில் ஏதோ சொன்னார். பொருள் விளங்கவில்லை, ஆயினும் வாசல் ஒன்றுதான் என்று அவர் விரல் தெளிவாகவே கூறியது. மூன்றாம் அடுக்கில் சங்கரபாண்டியன் உட்கார்ந்துவிட்டார். "ராணியம்மா, ஒங்க அரமனையில ஒங்களுக்கே வழி தெரியலையே."

அவர்களை ரோஜாப் பாத்திகள் பக்கம் அனுப்பிவிட்டு, தாளை வெளியே எடுத்தேன். காற்றில் அது புரண்டது. பின்பக்கம் என்னை நோக்கி இருக்க, வெயில் ஊடுருவிப் படம் தெரிந்தது. மண்டபம் வலப்புறம், ஏரி இடப்புறம். எதிரே இருந்த மலை மலைக்கு, மரம் மரத்துக்குப் பொருந்திற்று.

அட, நாசமாப் போச்சே. மாத்தியில்ல அடிச்சிருக்கோம். அம்புட்டு வீட்டுச் சுவத்துலயும் மாத்தித்தானே தொங்குது. பாத்து ஒப்புக் கொடுத்தவ நானில்லையா?

பின்னால் பாலகுரு நின்றிருந்தான். ஸ்கேன் செய்யும்போது பிலிமைப் புரட்டி வைத்திருக்கிறான். எழுத்துகளைப் பின்னர் சேர்த்ததால் அவை நேராக நின்றன. நான் எழுத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

"அக்கா, அண்ணாச்சிக்குத் தெரிஞ்சா எஞ்சோலி முடிஞ்சிது. ஒங்க பேரும் போயிரும்."

இரண்டாவது வாக்கியத்தை அவன் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

6 மே, ஞாயிறு

படகுச் சவாரி. ஏரி நீரில் மலை தலைகீழாகத் தெரிந்தது. அதையும் இவன்தான் ஸ்கேன் செய்திருப்பான்.

14 மே, திங்கள்

சிவகாசி. ஆல்பத்தின் முதற்படம், அதே இடம் வலம் மாறிய பரி மகால், கையொப்பத்துக்காக என் மேசைக்கு வந்துவிட்டது. கண்வலி என்று கூறி ஒத்திவைத்தேன். கண்ணில் ஒரு வலியும் இல்லை.

"போட்டு விட்டுருங்கக்கா" என்றான் பாலகுரு. "யாரு காஷ்மீருக்குப் போயிப் பாக்கப் போறா?"

"நாற்பது பேர் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள்."

"அவுக ஒங்களத்தானக்கா பாத்தாக."

உண்மை. ஆனால் தெரியாமல் இட்ட ஒப்பம் வேறு. தெரிந்தே இடுவது வேறு. பேர் போனால் எனக்கு என்ன மிஞ்சும்? அதையும் யோசிக்கிறேன்.

16 மே, புதன்

விண்ணப்பம் எழுதி அண்ணாச்சியிடம் நீட்டினேன்: "மேன்மை தங்கிய ஐயா, என் கவனக்குறைவினால் நேர்ந்துவிட்டதொரு பெரும்பிழையைத் தங்கள் மேலான பார்வைக்குச் சமர்ப்பிக்கும் கடப்பாடுடையவளாய்…"

பாதியில் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா, வேலைய விட்டுப் போறியா?"

"இல்லை."

"பெறகு என்னன்னு வாயால சொல்லு. எனக்கு மூச்சு முட்டுது."

சொன்னேன். தாளைப் புரட்டி ஜன்னலில் பிடித்துக் காட்டினேன். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"பிலிம் வச்சது யாரு?"

"பார்த்து ஒப்பமிட்டவள் நான்."

"அதக் கேக்கலை."

"அதைத்தான் சொல்கிறேன்."

கதவுக்குப் பின்னாலிருந்து பாலகுரு வந்தான். "நாந்தான் அண்ணாச்சி."

அண்ணாச்சி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தப்புக்குப் போட்டி போடுற கம்பெனி ஊருக்குள்ள நம்ம கம்பெனி ஒண்ணாத்தான் இருக்கும். போங்க. சரியாப் போட்டுக் கொண்டாங்க. இனி ஒவ்வொரு படத்தையும் ரெண்டு பேரும் பாத்துக் கையெழுத்துப் போடணும்."

3 ஆகஸ்ட், வெள்ளி

ஆடிப் பதினெட்டு. ஆல்பத்துக்குப் பூசை போட்டு ஏஜெண்டுகள் முன் விரித்தோம். திருத்திய பரி மகால் முதற்பக்கத்தில். பக்கத்திலேயே சென்ற ஆண்டுப் படத்தையும் அண்ணாச்சி வைத்திருந்தார். எதற்கென்று என்னிடம் சொல்லவில்லை.

சங்கரபாண்டியன் இரண்டையும் உற்றுப் பார்த்தார். "இதுல எது அண்ணாச்சி சரி?"

"தங்கத்தக் கேளுங்க. தப்பக் கண்டுபுடிச்சது அதுதான்."

கூட்டம் என்னை வியந்து நோக்கிற்று. அப்படியே விட்டிருக்கலாம். விட மனம் வரவில்லை. "தவறவிட்டவளும் நானே" என்று திருத்தினேன். "அன்று புறவாசல் என்றதும் பொய். உங்கள் முழங்கால்களிடம் மன்னிப்புக் கோருகிறேன்."

சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. சங்கரபாண்டியன் தாடையைச் சொறிந்தார். "அதெல்லாம் இருக்கட்டும். எனக்குப் பழசே போடுங்க. எங்கூரு ஆளுக அதப் பாத்துத்தான் பழகியிருக்காக. இப்ப மாத்துனா தப்பா அடிச்சிட்டீகன்னு சண்டைக்கு வருவாக."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பவே இல்லை. ஆர்டர் படிவத்தை மட்டும் என் முன் நகர்த்தி வைத்தார்.

முத்து முத்தான எழுத்தில் நிரப்பினேன்: "பரி மகால். இடம் வலமாக, வலம் இடமாக. வாடிக்கையாளர் விருப்பத்திற்கிணங்க." கீழே ஒப்பமிட்டு, பாலகுருவிடம் பேனாவைக் கொடுத்தேன்.