மெர்லினுக்கு வாங்கிய கேம் கன்சோல்

மே 3, சனி

காலையிலிருந்தே புழுக்கம். பார்சல் வந்துவிட்டது. மெர்லின் வர இன்னும் இரண்டு நாள்.

கன்சோல், கையில் எடுத்ததும்: நினைத்ததைவிடக் கனம். திரை பளிச். இரண்டு பக்கமும் பட்டன்கள், பின்னால் விரல் படும் இடத்தில் இன்னும் நான்கு. என் கிரேன் கேபினில்கூட இத்தனை கிடையாது. சீக்கிரம் சூடாகிறது. சார்ஜ் மூன்று மணி நேரம் தாங்கவில்லை.

கார் ரேஸ் போட்டுப் பார்த்தேன். முதல் வளைவிலேயே கடலுக்குள்.

இங்கே தீவில், ஹேடோ துறைமுகத்தில் என்னோடு வேலை பார்க்கும் பிஸ்வாஸிடம் காட்டினேன். "பேட்டி கே லியே? பஹுத் அச்சா, பாய்," என்றான். மகளுக்கென்றால் ரொம்ப நல்லதாம். சாப்பாட்டு நேரம் முழுக்க அவனே விளையாடினான்.

வாங்க வேண்டியது: பொன்னி அரிசி, கார்ன்ஃபிளேக்ஸ், புதுத் தலையணை உறை, கொசுவலை.

மே 5, திங்கள்

விமானம் தாமதம். மகளைப் பார்த்து இரண்டு வருடம். பன்னிரண்டு வயது, என் தோள் உயரம். நானும் அவள் அம்மாவும் பிரிந்தபோது இடுப்பில் தூக்கும் அளவுதான்.

கன்சோலைப் பார்த்ததும், "அய்யோ, இதே மாடல் எங்க வீட்ல இருக்கே," என்றாள். உடனே, "பரவால்ல, இது வேற கலர்."

நல்ல பிள்ளை.

எங்க வீட்ல.

மே 6, செவ்வாய்

மழை. லீவு. சாயங்காலம் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே கட்டிலில் அவள், காதில் ஹெட்போன், கையில் கன்சோல்.

"அப்பா, இங்க பாரேன்."

வந்ததிலிருந்து 'நீங்க' என்று மட்டுமே சொன்னவள், 'பாரேன்' என்கிறாள். ஈரக் கையோடு ஓடினேன். "என்னம்மா?"

ஒரு பக்க ஹெட்போனை நகர்த்தினாள். "இல்ல... உங்கள இல்ல. கேம்ல பேசிட்டு இருந்தேன்."

திரையில் இரண்டு கார். மேலே பெயர்கள். மெர்லின். அப்பா. சென்னையிலிருந்து அவர் ஆடுகிறார், அவள் அம்மா இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவர்.

திரும்பிப் போனேன். கழுவிய மீனையே மறுபடியும் கழுவினேன்.

மே 8, வியாழன்

பாராடாங் தீவு, சுண்ணாம்புக் குகை பார்க்க. விடியுமுன் கிளம்பி, பஸ். காட்டுக்குள் வண்டிகளை வரிசையாகத்தான் விடுவார்கள். சிக்னல் இல்லை. கன்சோலை மடியில் போட்டுக்கொண்டு வெளியே பார்த்தபடி கேட்டாள்:

"இங்க இருக்கறப்போ அவர அங்கிள்னு சொல்லட்டுமா?"

"வேண்டாம்மா. எப்பவும் எப்படிக் கூப்பிடுவியோ அப்படியே கூப்பிடு."

"உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

"இருக்கு."

சொல்லியிருக்கக் கூடாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். படகுத்துறை வரை விடவில்லை. கை மரத்துவிட்டது. அசைக்கவில்லை.

குகைக்குப் போகும் படகில் கூட்டம். அவளுக்கு லேசாக வாந்தி. எலுமிச்சம்பழம் கொண்டு போயிருக்கலாம்.

மே 13, செவ்வாய்

ஊருக்குப் போய்விட்டாள். ஏர்போர்ட்டில் பையைத் திறந்து கன்சோலை என் கையில் வைத்தாள்.

"அங்க ஒண்ணு இருக்குல்ல. இத நீங்க வெச்சுக்கோங்க. உங்களுக்கு ஒரு ஐடி போட்டிருக்கேன். ஆன்லைன்ல வாங்க, என்ன?"

"எனக்கு ஓட்டத் தெரியாதே."

"நான் மெதுவா போறேன்."

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். ஐடி: சேவியர். என் பெயர்தான். வேறு என்ன பெயர் வைப்பாள், பாவம்.

சமைக்கவில்லை. ரொட்டி.

மே 15, வியாழன்

டூட்டி முடிந்து ஐந்தரைக்கு வீடு. குளித்தேன். சட்டைகூட மாற்றிக்கொண்டேன், எதற்கென்று தெரியவில்லை. ஆறு மணிக்கு அழைப்பு வந்தது. மூன்று பேர் பந்தயம். ஹெட்போனை மாட்டினேன்.

"வந்துட்டீங்களா? அப்பாவும் இருக்காரு," மெர்லின்.

பிறகு ஓர் ஆண் குரல். "வணக்கம் சார். வந்ததுலேர்ந்து உங்களப் பத்தியேதான் பேசிட்டிருக்கா."

தன்மையான குரல். முரட்டுக் குரலாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம்.

"வணக்கம்," என்றேன். "பிள்ளை நல்லபடியா வந்து சேர்ந்தாளா?"

"வந்துட்டா சார். நல்லாருக்கா."

திரையில் மூன்று, இரண்டு, ஒன்று. அவர்கள் இருவரும் கிளம்பிவிட்டார்கள். எந்தப் பட்டன் என்று தேடிக்கொண்டிருந்தேன்.